பரியின் நிறமும் மறுவும்

   

"அது வெள்ளைக் குதிரை" என்கின்றார் ஒருவர். கேட்டவரும் தலையசைக்கின்றார். ஆனால், குதிரையின் இயல்பறிந்தோர் அச்சொல்லை அத்துணை எளிதில் ஒப்புவதில்லை. "மயிரை விலக்கித் தோலைப் பார்த்தீரா? கண்ணோரத்தையும் மூக்கு நுனியையும் நோக்கினீரா? பிறந்த நாளில் அதன் நிறம் என்ன?" என்று வினவுவர். வெள்ளையாய்த் தோன்றும் குதிரைகளுள் மிகப்பல வெள்ளையாய்ப் பிறந்தவையல்ல. கருப்பாகவோ சிவப்பாகவோ பிறந்து, ஆண்டுதோறும் நரைத்து வெளுத்தவை அவை. எனவே கண்ணுக்குத் தோன்றும் நிறம் ஒன்று. குதிரையின் உண்மை நிறம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் கலையே இன்றைய உரையின் பொருள்.

"குதிரையின் நிறத்தை அறிந்து ஆவதென்ன?" என்று சிலர் கேட்கலாம். ஆவது பலவுண்டு. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்சம் திடலில் தெர்பிப் பந்தயம் நடந்தது. அது மூன்று அகவைக் குதிரைகளுக்கே உரிய பந்தயம். இரன்னிங் இரெயின் என்னும் பெயருடன் ஓடிய குதிரை முதலாவதாக வந்தது. உண்மையில் அது மக்காபியசு என்னும் நான்கு அகவைக் குதிரை என்று வழக்கு எழுந்தது. நடுவர் குதிரையை மன்றுக்குக் கொணருமாறு பணித்தார். குதிரையோ வரவேயில்லை. வழக்குத் தோற்றது, வெற்றி, இரண்டாவதாக வந்த ஒர்லாந்தோ என்னும் குதிரைக்குப் போயிற்று.

அதற்குச் சரியாக 140 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே சூழ்ச்சி அரங்கேறிற்று. 1984 ஆகத்து 18ஆம் நாள், ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் பைன் காட்டன் என்னும் எளிய குதிரையின் பெயரில், போல்டு பெர்சனாலிட்டி என்னும் விரைவு மிக்க வேறொரு குதிரையை ஓடவிட்டனர். இரண்டும் நிறத்தில் ஒத்தவையல்ல. கால் வெண்மையிலும் ஒத்தவையல்ல. ஆகவே மாந்தர் தலைமுடிக்கு இடும் சாயத்தைக் குதிரைக்கு இட்டனர். கால்களில் வெள்ளை பூசினர். குதிரை வென்றது. ஆனால் பூசிய வெள்ளை வழிந்தது. கூடியிருந்தோர் ஆள்மாறாட்டம் என்று கூவினர். வெற்றி அப்பொழுதே பறிக்கப்பட்டது. சூழ்ச்சியாளர் சிறை புகுந்தனர். சாயத்தால் மறைக்க இயலாத மெய்யடையாளம் ஒவ்வொரு குதிரைக்கும் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

பந்தயம் செல்வர் விளையாட்டு என்று ஒதுக்கினும், களவுபோன குதிரையை மீட்கும் ஏழை வண்டிக்காரனுக்கும், பொய்யுரைக்கு மயங்கி விலைகொடுக்கும் உழவனுக்கும் இவ்வறிவு வேண்டும். அதனினும் மேலாக, பிறக்கப்போகும் குட்டியின் உயிரே இவ்வறிவைச் சார்ந்து நிற்கும் இடமும் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் காண்க.

முதற்கண் அடிப்படை நிறங்கள். குதிரை மயிரில் இருவகை நிறமிகளே உள்ளன. ஒன்று கருநிறமி; மற்றொன்று செந்நிறமி. உலகிலுள்ள குதிரை நிறங்கள் அத்துணையும் இவ்விரண்டின் கூட்டாலும் குறைவாலும் இன்மையாலும் விளைந்தவையே.

உடல், உளை, வால், கால் எங்கணும் கருமயிர் ஒன்றேனும் இன்றிச் செம்மையே பரந்திருப்பது செவலை. அச்செம்மை வெளிர் செம்பொன் முதல் ஈரற்கொழுந்தின் நிறம் வரை வேறுபடலாம். உளையும் வாலும் உடலினும் வெளிறியிருக்கலாம். ஆனால் கருமை இராது. உடல் முழுதும் கருமையே நிறைந்தது காரி. உடல் சிவந்து, உளையும் வாலும் காதோரமும் காலின் கீழ்ப்பகுதியும் கருத்திருப்பது மூன்றாம் வகை. செம்மையும் கருமையும் தத்தம் இடத்தில் நிற்றலின் இதனைக் கார்ச்செவலை என அழைத்தால் பொருள் தெளிவுறும்.

இம்மூன்றையும் பிரிப்பதற்கு இரண்டு வினாக்கள் போதும். கருமயிர் உண்டா, இல்லையா? இல்லையெனின் செவலை. உண்டெனின், அது உடல் முழுதும் பரந்ததா, ஓரங்களில் மட்டும் நின்றதா? முழுதும் எனின் காரி. ஓரங்களில் எனின் கார்ச்செவலை. மயக்கம் வருவது ஓரிடத்தில்தான். மிகக் கருத்த கார்ச்செவலை, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காரியாகவே தோன்றும். அப்பொழுது மூக்கைச் சுற்றியும் விலாவின் பின்மடிப்பிலும் நோக்குக. அங்கே பழுப்பு மயிர் இருப்பின் அது காரியன்று. இன்னொன்று: காரியும் கடுவெயிலில் நெடுநாள் நின்றால் மேல்மயிர் வெளிறிச் செம்பட்டை ஆகும். அப்பொழுது மூக்கோரத்துக் குறுமயிரே உண்மை கூறும்.

இவ்வேறுபாட்டின் கரணியத்தையும் அறிவியலார் கண்டுள்ளனர். கருநிறமி தோன்றவும் தோன்றாதிருக்கவும் ஏதுவாகும் மரபணுவின் (மரபீனியின்) மாற்றம் 1996இல் குதிரையில் கண்டறியப்பட்டது. கருமையை ஓரங்களில் ஒதுக்கிவைக்கும் மற்றொரு மரபணுவின் செயல் 2001இல் தெளிவாயிற்று. கருமையை விலக்கும் கூறு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றிக் குட்டி செவலையாகாது. இதனின்று பிறக்கும் நெறி மிகப் பயன்மிக்கது: தாயும் தந்தையும் செவலையெனின், குட்டியும் செவலை வழியதே. அத்தகைய இணைக்குக் காரியோ கார்ச்செவலையோ பிறந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருப்பின், தந்தை வேறு. அல்லது எழுதியவர் நிறம் அறியாதவர். பிறப்பைப் பற்றிய பொய்யை நிறமே காட்டிக்கொடுக்கின்றது.

இனி வெளிறும் நிறங்கள். நிறமியை நீர்க்கச் செய்யும் மரபணுக்கள் சிலவுள. அவற்றுள் ஒன்று செவலையின்மேல் ஒற்றையாய் அமைந்தால், உடல் பொன்னிறமாகி உளையும் வாலும் வெளுக்கும். கார்ச்செவலைமேல் அமைந்தால், உடல் மட்டும் பொன்னிறமாகி உளையும் வாலும் காலும் கருமை மாறாது நிற்கும். அதே கூறு இரட்டையாய் அமைந்தால் உடல் பாலேட்டு நிறமாய், தோல் இளஞ்சிவப்பாய், கண் நீலமாய் ஆகிவிடும். இன்னொரு வகையில் உடல் மங்கிய மணல் நிறம் கொள்ளும். பிடரி முதல் வால் வரை முதுகின் நடுவே கருங்கோடு ஒன்று ஓடும். கால்களில் வரிகளும் தோன்றும். மங்கோலிய வெளியில் வாழும் காட்டுக்குதிரையின் நிறம் இதுவே. கத்தியவார் நாட்டுக் குதிரைகளுள்ளும் இதனைக் காணலாம். ஆகவே பொன்னிறத்துக்கும் மணல் நிறத்துக்கும் ஐயம் எழுந்தால் முதுகுக்கோட்டைத் தேடுக.

அடுத்தது, தொடக்கத்தில் கூறிய "வெள்ளைக் குதிரை". கொங்கு நாட்டு உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காங்கேயக் கன்று பிறக்கையில் சிவந்திருந்து, ஏறத்தாழ ஆறு திங்களில் மயிலையாக மாறுவதை அவர்கள் வழிவழியாய்க் கண்டு வருகின்றனர். குதிரையிலும் அவ்வாறே எந்நிறத்தில் பிறந்த குட்டியும் நரைத்து மயிலையாகும் வகை உண்டு. ஆனால் கன்றுக்குத் திங்கட்கணக்கு, குதிரைக்கு ஆண்டுக்கணக்கு. முதலில் கண்ணைச் சுற்றி வெண்மயிர் வளையமிடும். பின்னர் முகம் நரைக்கும். உடலில் வட்ட வட்டமாய் நிழற்புள்ளிகள் தோன்றும். முடிவில் வெண்மையே எஞ்சும். தோலோ கருத்தே இருக்கும். வியன்னா நகரத்துக் குதிரைப் பள்ளியின் புகழ்பெற்ற இலிப்பிசான் குதிரைகள் வெள்ளையாய்த் திகழ்வது இவ்வாறே. அவையும் கருநிறக் குட்டிகளாகப் பிறந்தவையே.

மயிலை நிறத்துக்குக் கரணியமான மரபணு மாற்றத்தை 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அதனோடு ஒரு தீங்கும் பிணைந்துள்ளது. 15 அகவை கடந்த மயிலைக் குதிரைகளுள் பத்தில் ஏழெட்டுக்கு வாலடியிலும் உதட்டோரத்திலும் கருநிறக் கட்டிகள் தோன்றுகின்றன. ஆகவே, மயிலையை மயிலை என்று அறிந்து வாங்குவோர் வாலைத் தூக்கிப் பார்த்தே விலை பேசுவர். வெள்ளை என்று எண்ணி வாங்குவோர் பின்னர் வருந்துவர். ஒரு சொல்லின் தெளிவின்மை உடையவனுக்கு இழப்பையும் விலங்குக்கு நோவையும் தருகின்றது.

மயிலையோடு மயங்குவது நரைகலந்த நிறம். இதில் உடலெங்கும் வெண்மயிர் விரவியிருக்கும். தலையும் கால்களும் மட்டும் தம் அடிநிறம் மாறா. அகவை ஏறினும் இது மேன்மேல் வெளுப்பதில்லை. தலை முதலில் வெளுத்தால் மயிலை. தலை கருத்தே நின்றால் நரைகலப்பு. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் பிழை நேராது. பிறப்பிலேயே வெண்மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உடையதே மெய்யான வெள்ளை. வடபுலச் சந்தைகளில் 'நுக்ரா' என்று வழங்குவது இளஞ்சிவப்புத் தோலுடைய இத்தகைய வெளுத்த குதிரைகளையே.

இனித் திட்டு நிறக் குதிரைகள். இவற்றைக் கருதுமிடத்துத்தான் உயிரின் வினா எழுகின்றது. வெண்டிட்டுகளின் அமைப்பில் பலவகை உண்டு. முதுகைக் கடந்து இருபுறமும் வழிந்து, கால்களும் வெளுத்து, தலை மட்டும் நிறம் மாறாதிருப்பது ஒருவகை, அதனால் தீங்கில்லை. விலாவிலும் கழுத்திலும் வெண்டிட்டு விரிந்து, முதுகின் நடுக்கோட்டைக் கடவாமல், சட்டம் அடித்தாற்போல் நிறம் சூழ்ந்து நிற்பது மற்றொரு வகை. இவ்வகைக்குரிய மரபணு ஒற்றையாய் இருக்கும்வரை குதிரை நலமாய் வாழும். இரட்டையாகிவிடின், குட்டி முழுவெள்ளையாய்ப் பிறக்கும். அதன் குடலில் நரம்பணுக்கள் அமைந்திரா. உண்ட பால் கழியாது வயிறு வீங்கி ஓரிரு நாளில் துடித்து இறக்கும். மருத்துவத்தால் மீட்க வழியில்லை. இதன் கரணியம் 1998இல் கண்டறியப்பட்டது. இக்கூறுடைய இரு குதிரைகளை இணைத்தால், நான்கு குட்டிக்கு ஒன்று என்னும் அளவில் இவ்விறப்பு நேரும். இக்கூறு இருந்தும் மிகச் சிறிய வெண்மையே காட்டும் குதிரைகளும் உள்ளன. எனவே கண் மட்டும் போதாது. இணைக்குமுன் மயிரை ஆய்வுக்கு அனுப்பித் தெளிதல் வேண்டும். நிறமறியாமல் அழகு கருதி இணைப்பவர், பெட்டையின் பதினொரு திங்கட் சுமையையும் குட்டியின் உயிரையும் ஒருங்கே வீணாக்குகின்றார்.

சிறுத்தைபோல் புள்ளி பொலிந்த குதிரைகளிலும் இத்தகைய மறைபொருள் உண்டு. புள்ளியைத் தரும் கூறு இரட்டையாயின் அக்குதிரைக்கு இரவில் கண் தெரியாது. வரியோடிய குளம்பும், மூக்கோரத்துப் பொறிபடர்ந்த தோலும், கருவிழியைச் சூழ்ந்து தெரியும் வெண்விழியும் இவ்வகையின் அடையாளங்கள். பிரான்சு நாட்டின் பெச்மெர்ல் குகையில் பல்லாயிரம் ஆண்டுகட்குமுன் தீட்டப்பட்ட புள்ளிக்குதிரை ஓவியங்களை வெறுங்கற்பனை என்று எண்ணியோர் உண்டு. பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவை ஆய்ந்து, அத்தகைய குதிரைகள் அந்நாளில் மெய்யாகவே இருந்தன என 2011இல் நிறுவினர்.

நிறம் குலத்தைக் காட்டும். மறுவே தனிக்குதிரையைக் காட்டும். ஆயிரம் கார்ச்செவலைகளுள் ஒன்றைத் தேடும்போது நிறம் உதவாது, மறு உதவும். மறுக்கள் மூவகைப்படும்: முகவெண்மை, கால்வெண்மை, சுழி.

நெற்றியில் தனித்து நிற்கும் வெண்புள்ளி, சுட்டி. மாட்டின் நெற்றி வெண்மைக்கும் இச்சொல் வழங்குகின்றது. நெற்றியிலிருந்து மூக்கெலும்பின் வழியே ஒடுங்கி இறங்குவது கீற்று. அகன்று இறங்குவது பட்டை. கண்களையும் உட்கொண்டு முகம் முழுதும் பரந்தது வெண்முகம். இரு மூக்குத் துளைகளின் நடுவே நிற்பது நுனிவெள்ளை. காலில், குளம்பின் மேல்விளிம்பளவில் நிற்பது, கணுவரை ஏறுவது, முழந்தாளை எட்டுவது என வெண்மையை உயரத்தாற் குறித்தல் வேண்டும். வெண்மை தொட்ட காலின் குளம்பு பெரும்பாலும் வெளிறியே இருக்கும். பிறவி வெண்மையின் கீழ்த் தோல் இளஞ்சிவப்பாய் இருக்கும். மயிரை நீரால் நனைத்தால் அதன் எல்லை தெளியும். சேணம் உராய்ந்தும் கயிறு அறுத்தும் பின்னர் வந்த வெண்மயிரைப் பிறவி மறுவென்று எழுதலாகாது, தழும்பென்றே எழுதவேண்டும். பூசிய வெண்மையோ தண்ணீரும் துணியும் பட்டால் தானே உண்மை கூறும்.

நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரையைப் 'பஞ்சகல்யாணி' என்று பாமரரும் வழங்குகின்றனர். அதனை ஐவெள்ளை என்று சொன்னால், எட்டு அகவைச் சிறுவனுக்கும் ஐந்திடத்தில் வெண்மை என்னும் பொருள் விளங்கும். மங்கலம் என்ற மதிப்பு அச்சொல்லில் ஒட்டியிராது; உள்ளது உள்ளவாறே தோன்றும்.

சுழிக்கு வருவோம். மயிர் சுழன்று நிற்கும் இடமே சுழி. கருப்பையில் தோல் உருவாகி மயிர்க்கால் அமையும்போதே சுழியும் அமைந்துவிடுகின்றது. வாழ்நாள் முழுதும் அது மாறுவதில்லை. நெற்றியில், கழுத்தின் இருபுறத்தில், மார்பில், விலாவில் எனச் சுழிகளின் இடமும் வடிவும் குதிரைக்குக் குதிரை வேறுபடுகின்றன. வெண்மறு ஒன்றுமில்லாத ஒருநிறக் குதிரைக்குச் சுழியே கைந்நாட்டு. ஐரோப்பியப் பதிவேடுகளில் குதிரையின் கோட்டுருவம் அச்சிட்டு, வெண்மறுவைச் செந்நிறக் கோடுகளாலும், சுழியைக் கருநிறப் பெருக்கற்குறியாலும் குறிக்கின்றனர்.

தமிழகத்திலோ இத்துணை அருமையான அடையாளம் ஊழின் எழுத்தாகக் கருதப்படுகின்றது. ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குதிரைகளும் வருகின்றன. குதிரை வாங்குவோர் பலர் முதலில் தேடுவது சுழியை. இன்ன இடத்துச் சுழி குடியைக் கெடுக்கும், இன்ன இடத்துச் சுழி செல்வம் சேர்க்கும் என்று கூறி, நல்ல காலும் நல்ல மூச்சும் உடைய குதிரையைப் பாதி விலைக்குத் தள்ளுவதும், நொண்டியை உயர்ந்த விலைக்கு ஏற்பதும் நடக்கின்றன. மயிர் எப்பக்கம் சுழன்றதென்பது உடையவன் வீட்டு அடுப்பை எங்ஙனம் அணைக்கும்? சுழி என்பது குதிரையின் பெயரேயன்றி, உடையவனின் தலையெழுத்தன்று. சுழியைத் தேடுவோர் தேடட்டும். தேடியதைத் தாளில் எழுதி வைக்கட்டும். குதிரை களவு போனால் அத்தாள் பயன்படும்.

எழுதும் முறை பற்றியும் ஒரு சொல். இடம் வலம் என்பவை குதிரையின் இடம் வலமே. எதிர்நின்று பார்ப்பவருடையவை அல்ல. முதலில் நிறம், பின்னர் முகம், பின்னர் இடமுன்கால், வலமுன்கால், இடப்பின்கால், வலப்பின்கால், பின்னர்ச் சுழி, இறுதியில் தழும்பு என வரிசை மாறாது எழுதுக. மறு இல்லாத இடத்தை வெறிதே விடாமல், "இல்லை" என்றே எழுதுக. வெறுமையாய் விட்ட இடத்தில் பின்னர் எவரும் எழுதிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் பிறக்கும் குட்டிகளின் கழுத்தில் எண்தாங்கிய நுண்சில்லைப் பதிக்கின்றனர். ஆயினும் மறுக்களை எழுதும் வழக்கத்தைக் கைவிடவில்லை. சில்லைப் படிக்கக் கருவி வேண்டும். மறுவைப் படிக்கக் கண் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு: "கார்ச்செவலைப் பெட்டை. அகவை நான்கு. நெற்றியில் கண்மட்டத்துக்குமேல், இடப்புறம் சாய்ந்த சிறு சுட்டி. அதன் கீழ்முனையில் ஒரு சுழி. நுனிவெள்ளை இல்லை. முன்கால் இரண்டிலும் வெண்மை இல்லை. இடப்பின்காலில் கணுவரை வெண்மை, குளம்பு வெளிறியது. வலப்பின்காலில் வெண்மை இல்லை. கழுத்தில் உளையின்கீழ் இருபுறமும் ஒவ்வொரு சுழி. வலத்தோளில் சேணம் உராய்ந்த தழும்பு." இதில் விளங்காத சொல் ஒன்றேனும் உண்டா? அயற்சொல் ஒன்றேனும் தேவைப்பட்டதா? கால்நடை மருத்துவரும் காவல்துறையினரும் சந்தைக்காரரும் ஒருசேரப் படித்து, அக்குதிரையை ஆயிரத்துள் ஒன்றாய்ப் பிரித்தெடுக்கலாம்.

குதிரை தமிழ் மண்ணுக்குக் கடல்வழி வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் அது கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டெழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள், பேணும் முறை அறியாமையால் மாண்டுபோனதையும் குறித்துள்ளார். விலங்கு அயலிலிருந்து வந்தது. ஆயினும் தமிழர் அதற்குப் பரி, புரவி, மா, இவுளி எனத் தம் மொழியில் பெயரிட்டனர். உளை என்றும் குளம்பு என்றும் உறுப்புகளைத் தம் சொல்லாற் சுட்டினர். மலையமான் காரி ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். பெயரிடத் தெரிந்தவர்க்குப் பேணும் அறிவு வாய்க்கவில்லையெனின், அவ்விழப்பு எத்துணைப் பெரிதென்பதற்கு மாண்ட அக்குதிரைகளே சான்று. ஆகவே சொல் மட்டும் போதாது. சொல்லுக்குரிய பொருளறிவும் வேண்டும். பொருளறிவு மட்டும் போதாது. அதனைப் பொதுமக்கள் பிழையின்றிப் பகிர்ந்துகொள்ளத் தாய்மொழிச் சொல்லும் வேண்டும்.

செவலையும் காரியும் மயிலையும் சுட்டியும் சுழியும் உழவன் வாயில் இன்றும் உயிரோடு உள்ளன. அகரமுதலிகளில் புதைந்தவையல்ல அவை. தொழுவத்தில் நாளும் ஒலிப்பவை. அவற்றை மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் கொண்டு சேர்ப்பது கற்றோர் கடன். இவ்வூர் இளைஞர் அடுத்த சந்தைக்குச் செல்லும்போது தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லட்டும். ஒரு குதிரையை நின்று நோக்கட்டும். நிறம், முகம், கால், சுழி, தழும்பு என்று வரிசையாய்த் தமிழில் எழுதட்டும். எழுதியதைப் பிறர் கையிற் கொடுத்து, அக்குதிரையைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். கண்டுபிடித்துவிட்டால், நோக்கிய கண்ணும் எழுதிய சொல்லும் பழுதற்றவை என்று கொள்க.